வெயில் படாத தோலில் வரும் புற்று



தோல் புற்று என்றால் முகம், காது, கழுத்து என்றுதான் நாம் படித்தோம். வெள்ளைத் தோலினரைப் பார்த்து எழுதிய பாடம் அது. நம் தோலில் மெலனின் மிகுதி. வெயிலால் வரும் புற்று குறைவு. ஆகவே இடுப்பு, பழைய தீப்புண் தழும்பு, உள்ளங்கால், நகத்தடி என்று யாரும் பார்க்காத இடங்களில் நாம் தேட வேண்டியிருக்கிறது.

இடுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். வேட்டி இறுக்கும் இடத்தில் வரும் புற்றை 1945இலேயே ஆய்வாளர்கள் கானோல்கரும் சூர்யாபாயும் பதிவு செய்தார்கள். 2024இல் பிஎம்ஜே கேஸ் ரிப்போர்ட்ஸ் இதழில் இரண்டு பெண்களின் கதை வந்தது. ஒருவருக்கு வயது 70. பாவாடை நாடா இறுக்கிய இடத்தில் 18 மாதமாகப் புண். மற்றவர் பாவாடை இல்லாமல் சேலையையே இடுப்பில் இறுக்கிக் கட்டியவர். அவருக்குப் புற்று தொடை இடுக்கு நெறிக்கட்டிக்கும் பரவியிருந்தது. நாடா தினமும் உரச, தோல் நிறம் மாறிப் புண்ணாகிறது. ஆற வரும் புண்ணை மறுநாள் அதே நாடா திறக்கிறது. பல ஆண்டுகள் இப்படியே போனால் செதிள் செல் புற்று உருவாகலாம். சேற்றில் குனிந்து நாற்று நடும் பெண்ணுக்கு வியர்வையும் சேர்ந்துகொள்கிறது. அந்த இடத்தை அவர் ஆண் மருத்துவரிடம் காட்டத் தயங்குவார். படை என்று சொல்லிக் களிம்பு வாங்கிப் போவார். செவிலியர் ஒருவர் தனியறையில் கேட்டால் காட்டுவார்.

உள்ளங்காலில் வரும் மெலனோமா என்னும் தோல் புற்றைக் கால் ஆணி என்று சீவுகிறோம், சர்க்கரைப் புண் என்று கட்டுப் போடுகிறோம். கறுப்பு நிறமே இல்லாமலும் அது வரும் என்பதுதான் ஆபத்து. பாடகர் பாப் மார்லியின் கால்விரல் நகத்தடியில் மெலனோமா இருந்தது 1977இல் தெரிந்தது. 1981இல், 36 வயதில் இறந்தார். நகத்தில் ஒரு கறுங்கோடு அகன்றுகொண்டே போனாலோ, கறுப்பு நகக்கண் தோலுக்குப் படர்ந்தாலோ நகச்சுத்தி என்று விட்டுவிடக் கூடாது.

என் கருத்து இதுதான்: ஆறு வாரத்தில் ஆறாத புண்ணுக்கு அடுத்த களிம்பு எழுதாதீர்கள், பயாப்சி எழுதுங்கள். பழைய தீப்புண் தழும்பில் வந்த புண் என்றால் ஓரத்தில் ஒரே துண்டு போதாது. பல இடங்களில் எடுங்கள், ஆழமாக எடுங்கள். மேலோட்டமாகச் சுரண்டிய துண்டில் புற்று அகப்படாமல் போகும். அப்படி வரும் 'புற்று இல்லை' என்ற அறிக்கை, பரிசோதனையே செய்யாததைவிடக் கேடு.

அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்ட ஊழியர்கள் சர்க்கரை நோய் மாத்திரையோடு வீடு வீடாகப் போகிறார்கள். போகும் வீட்டில் உள்ளங்காலையும் இடுப்பையும் பார்க்க அவர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். உத்திரமேரூரில் எடுக்கும் சதைத்துண்டை ஃபார்மலின் புட்டியில் காரப்பேட்டை அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனைக்கு அனுப்பவும், முடிவை நோயாளி அலையாமல் இங்கேயே பெறவும் வழி வகுக்க வேண்டும். இவ்விரண்டையும் இக்கூட்டத்தின் மாலை அமர்வில் தீர்மானமாக முன்வைக்கிறேன். இப்போது முதல் கட்டுரையாளரை அழைக்கிறேன்.