விதி எழுதுகிறவர் படியேறி வரட்டும்

(பார்சல் டெலிவரித் தொழிலாளர்களின் வாயிற்கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே! விடியும் முன்பே வந்து பெல்ட் அருகில் நின்று பார்சல் பிரித்துவிட்டு, வீட்டுக்குப் போகாமல் இந்த வெயிலில் வந்து அமர்ந்திருக்கும் சகோதரிகளே!

பார்சல் பிரிக்கும் நம் ஹப்பின் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். எல்லோரும் படித்திருப்பீர்கள். டெலிவரி தாமதமாகிறதாம். காரணம் நம்முடைய பொறுப்பின்மையாம். இனிமேல் தாமதமாகும் ஒவ்வொரு பார்சலுக்கும் நம் பணத்தில் கை வைப்பார்களாம். மாடியில் இருக்கிறவர்களுக்கும் கேட்கட்டும் என்று உரக்கவே சொல்கிறேன்: அந்தத் தாமதத்தைப் பெற்றெடுத்தது நீங்கள் எழுதிய விதி! சம்பள உயர்வைப் பற்றி நான் இன்றைக்குப் பேச வரவில்லை. அதற்கு வேறு கூட்டம் போடுவோம். இந்தக் கம்பெனியின் வேலையைக் கெடுப்பது யார் என்ற ஒரே கேள்விக்குப் பதில் சொல்லத்தான் வந்தேன்.

லொக்கேஷன் விதியை எடுத்துக்கொள்ளுங்கள். கதவு பூட்டியிருக்கிறது என்று ஆப்பில் பதிய வேண்டுமானால், மேப்பில் புள்ளி விழுந்த இடத்தில்தான் நாம் நிற்க வேண்டும். தள்ளி நின்று அழுத்தினால் ஏற்காது. போகாமலே போனதாகப் பொய் சொல்லிவிடுவோம் என்ற சந்தேகத்தில் போட்ட விதி. சரி, அந்தப் புள்ளியாவது சரியான இடத்தில் விழுகிறதா? கொடுங்கையூரிலும் வியாசர்பாடியிலும் வண்டி ஓட்டுகிறவர்களைக் கேளுங்கள். சென்னையில் ஒரே கதவில் பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று. ஆர்டர் போடுகிற பிள்ளை பழைய எண்ணைப் போடுகிறது, மேப் புதிய எண்ணைத் தேடுகிறது. மூன்றாவது குறுக்குத் தெரு என்று அடுத்தடுத்த இரண்டு நகரிலும் தெரு இருக்கிறது. பிள்ளையார் கோயில் பின்புறம் என்று முகவரியில் எழுதியிருக்கும். எந்தப் பிள்ளையார் என்று நமக்குத் தெரியும், மேப்புக்குத் தெரியாது.

நாம் என்ன செய்கிறோம்? போன் போட்டு வழி கேட்டு, சரியான வீட்டுக்கே போய்விடுகிறோம். மூன்று மாடி ஏறுகிறோம். பூட்டைக் கண்ணால் பார்க்கிறோம். பக்கத்து வீட்டு அம்மா, "ஊருக்குப் போயிருக்காங்கப்பா, திங்கக்கிழமை வா" என்று சொல்வதையும் கேட்டுக்கொள்கிறோம். அதைப் பதிவதற்காக மறுபடி கீழே இறங்கி, இரண்டு தெரு தள்ளி, சம்பந்தமே இல்லாத ஒரு முட்டுச்சந்தில் போய் நின்று பொத்தானை அழுத்துகிறோம்! லிட்டர் நூறு ரூபாய் விற்கிற பெட்ரோல் யாருடையது? நம்முடையது. அந்த நேரத்தில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய அடுத்த பார்சல் யாருடையது? கம்பெனியுடையது. நமக்கும் நட்டம், அவர்களுக்கும் நட்டம்.

இதைவிடக் கொடுமை ஒன்று இருக்கிறது. நேரம் இல்லாதவன் அந்த முட்டுச்சந்துக்குப் போக மாட்டான். 'முகவரி தவறு' என்று அழுத்திவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவான். அவனைக் குற்றம் சொல்ல என்னால் முடியாது. ஆனால் அந்தப் பார்சல் ஹப்புக்குத் திரும்புகிறது, மறுநாள் அதே தவறான புள்ளியோடு இன்னொருவன் பைக்கு வருகிறது, மூன்றாம் தடவை அனுப்பிய ஊருக்கே போய்விடுகிறது. காத்திருந்தவர் நம்மைத் திட்டுகிறார். பொய்யைத் தடுக்கப் போட்ட விதி பொய்யைக் கட்டாயமாக்குகிறது, தோழர்களே! 'இந்தப் புள்ளி தவறு' என்று சொல்ல அந்த ஆப்பில் ஒரு பொத்தான் உண்டா? கிடையாது. நாம் சொன்னால் நம்ப வேண்டுமே, அதற்கு மனமில்லை.

ரூட் மாற்றுகிற விதியும் இதே வேரிலிருந்து முளைத்ததுதான். ஒரு பகுதியில் நெடுநாள் ஓடினால் நமக்கும் வாடிக்கையாளருக்கும் 'பழக்கம்' ஏற்பட்டுவிடுமாம், அது ஆபத்தாம்! எந்த வீட்டில் பகலில் ஆள் இருப்பார்கள், எந்தக் கடையில் கொடுத்து வைக்கலாம், எந்த அபார்ட்மென்ட் வாட்ச்மேன் பின்வாசலைத் திறந்துவிடுவார் என்பதெல்லாம் கால்தேய நடந்து சம்பாதித்த அறிவு. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அம்பத்தூர்க்காரனை மாதவரத்துக்கும் மாதவரத்துக்காரனைக் கொளத்தூருக்கும் அனுப்புகிறார்கள். போனுக்கு வரும் ஓடிபி எண்ணைக் கேட்டு வாங்கினால்தான் பார்சலைக் கொடுக்கலாம் என்ற விதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: மருந்து வாங்கக் காத்திருப்பவர் பெரியவர், ஓடிபி வருவதோ பெங்களூரில் இருக்கும் மகனின் போனுக்கு, மகன் மீட்டிங்கில் இருக்கிறார், நாம் வாசலில் நிற்கிறோம்.

சகோதரிகளுக்குத் தனியாக ஒரு விதி. கழிப்பறைக்குப் போக டீம் லீடரிடம் டோக்கன் வாங்க வேண்டும். 2024 மே மாதம் ஹரியானாவின் மானேசரில், அமேசான் கிடங்கில் என்ன நடந்தது? ஆறு லாரிச் சரக்கை இறக்கி முடிக்கும்வரை தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் போக மாட்டோம் என்று தொழிலாளர்களைச் சத்தியம் செய்ய வைத்தார்கள். கொளுத்துகிற வெயிற்காலத்தில்! செய்தி வெளியானதும் தேசிய மனித உரிமை ஆணையம் தானாகவே வழக்கை எடுத்து மத்திய அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. நம் டோக்கனும் அந்தச் சத்தியமும் ஒரே புத்தியில் பிறந்தவை.

மேலாளர்கள் எதற்கெடுத்தாலும், "வெளிநாட்டுக் கம்பெனியைப் பாருங்கள்" என்கிறார்கள். பார்ப்போம். அமெரிக்காவில் யுபிஎஸ் என்ற பார்சல் நிறுவனம், 1907-இல் தொடங்கியது. அங்கே ஓட்டுநருக்கு ஒரு விதி: முடிந்தவரை இடப்பக்கம் திரும்பாதே. அங்கே வண்டி வலப்பக்கம் ஓடுவதால், இடப்பக்கம் திரும்ப எதிர்வரும் வாகனங்களுக்காகக் காத்து நிற்க வேண்டும். நிற்கிற வண்டி எண்ணெயைத்தான் குடிக்கும். இது நல்ல விதி. ரோட்டில் பிறந்த விதி. அதே நிறுவனம் ஓரியன் என்ற ரூட் போடும் கணினி முறையைக் கொண்டுவந்தது. ஆண்டுக்குப் பத்துக் கோடி மைல் மிச்சம் என்று அவர்கள் சொல்கிறார்கள். எனக்குக் கணினி மேல் பகை இல்லை. ஆனால் அந்தக் கணினிக்கும் கடையில் வாங்கிய மேப் போதவில்லை. வண்டி உண்மையில் எங்கே நிற்கிறது, எந்த வாசல் வழியாக உள்ளே போகிறது என்றெல்லாம் மேப்பைத் திருத்திய பிறகுதான் அது வேலைக்கு ஆயிற்று.

அதே யுபிஎஸ்ஸில் 1997 ஆகஸ்ட்டில் 1,85,000 தொழிலாளர்கள் 15 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பகுதிநேர வேலைகளை ஒன்றுசேர்த்து 10,000 முழுநேர வேலைகள் உருவாக்குவோம் என்று நிர்வாகத்தைக் கையெழுத்துப் போட வைத்தார்கள். 2023-இல் வேலைநிறுத்தத்துக்கு நாள் நெருங்கிய நேரத்தில் ஒப்பந்தம் வந்தது: 2024 முதல் வாங்கும் டெலிவரி வண்டிகளில் ஏசி, ஓட்டுநர் முகத்தைப் பார்க்கும் கேமரா கூடாது, விடுமுறை நாளில் கட்டாய ஓவர்டைம் கூடாது. வெளிநாட்டைப் பார்க்கச் சொல்கிறவர்கள் இந்தப் பக்கத்தை ஏன் புரட்டுவதில்லை?

அறிவிப்பில் சொன்ன பணப் பிடித்தத்துக்கு வருகிறேன். இங்கிலாந்தில் டிபிடி என்ற பார்சல் நிறுவனம், மாற்று ஆள் இல்லாமல் ஒரு நாள் வராத ஓட்டுநருக்கு 150 பவுண்டு அபராதம் போட்டுவந்தது. சர்க்கரை நோயாளியான ஓர் ஓட்டுநர் ஆஸ்பத்திரிக்குப் போனதற்காக அபராதம் கட்டினார். அதன்பிறகு ஆஸ்பத்திரி நாட்களைத் தவறவிட்டார். 2018 ஜனவரியில் இறந்துபோனார். அந்த மார்ச்சில் அந்த நிறுவனம் அபராதத்தையே ஒழித்தது. ஓர் உயிர் போய்த்தான் ஒரு விதி போக வேண்டுமா?

நம் நாட்டில் 1936-லேயே, வெள்ளைக்காரன் ஆண்டபோதே, சம்பளப் பட்டுவாடாச் சட்டம் வந்தது. அபராதம் ரூபாய்க்கு அரையணாவைத் தாண்டக் கூடாது என்றது. பின்னால் அது நூற்றுக்கு மூன்று என்று ஆனது. விளக்கம் கேட்காமல் போடக்கூடாது, பதிவேட்டில் எழுத வேண்டும், வசூலான பணம் தொழிலாளர் நலனுக்கே போக வேண்டும். 2019-இன் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அந்த மூன்று விழுக்காடு இருக்கிறது. நம் கம்பெனி இதிலிருந்து எப்படி நழுவுகிறது? நாம் தொழிலாளிகளே அல்ல, தனித்தனி ஒப்பந்தக்காரர்கள் என்று காகிதத்தில் எழுதி நழுவுகிறது. ரூட்டை அவர்கள் போடுகிறார்கள், நேரத்தை அவர்கள் சொல்கிறார்கள், ஐடியை அவர்கள் பிளாக் செய்கிறார்கள். அபராதத்துக்கு வரம்பு கேட்டால் மட்டும் நாம் அந்நியர்களா?

நாம் கேட்பது இவ்வளவுதான். மேப் புள்ளியைத் திருத்தும் உரிமை வண்டி ஓட்டுகிறவனுக்கு வேண்டும். தெரிந்த ரூட்டில் விட வேண்டும். டோக்கனை இன்றே கிழிக்க வேண்டும். புது விதி எது போட்டாலும், அதை எழுதியவர் ஒரு வாரம் நம் பையைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்த பிறகுதான் அது அமலுக்கு வர வேண்டும். அதுவரை பிடித்தம் ஒரு பைசா கூடாது.

தேனாம்பேட்டைத் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு மனுவோடு போகப் போகிறோம். வெறும் கோஷத்தோடு போனால் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, ஆதாரம் எங்கே? ஆகவே நாளை முதல் ஒவ்வொருவரும் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். எந்த முகவரி, சரியான வீடு எங்கே, ஆப் நிற்கச் சொன்ன இடம் எங்கே, எவ்வளவு நேரம் வீணாயிற்று என்று அன்றன்றைக்கே எழுதுங்கள். வாடிக்கையாளர் பெயரையும் போன் நம்பரையும் எழுத வேண்டாம். எழுத வராதவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். சகோதரிகள் டோக்கன் மறுக்கப்பட்ட நேரத்தைக் குறியுங்கள். சனிக்கிழமை இரவு ஷிஃப்ட் முடிந்ததும் எதிரே உள்ள டீக்கடையில் நம் செயற்குழுத் தோழர்கள் உட்கார்ந்திருப்பார்கள். நோட்டை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.