மௌனத்துக்கு இரண்டு அர்த்தம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

"வெளிநாட்டு வகுப்பு எப்படி இருக்கும்னு நம்ம பசங்களுக்குச் சொல்லுங்க" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். அங்கே எல்லாம் உசத்தி, இங்கே எல்லாம் மட்டம் என்று பேச நான் வரவில்லை. வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

கடலூரிலிருந்து தினமும் சிதம்பரம் போய்ப் படித்தவர்கள் இந்த அரங்கில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். திருப்பாதிரிப்புலியூரில் பாசஞ்சர் ஏறினால் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று ஸ்டேஷன்கள் தாண்டுவதற்குள் பாடத்தைப் பற்றி அடிதடி நடக்காத குறைதான். அதே ஆட்கள் வகுப்புக்குள் போனால் வாயைத் திறக்க மாட்டோம். இது அறியாமை அல்ல, மரியாதை. நடுவில் ஒருவன் எழுந்து கேட்டால், "என்னப்பா, ரொம்பத் தெரிஞ்சவனா? உக்காரு" என்பதும் நாம் கேட்டதுதானே!

அமெரிக்காவில் பல வகுப்புகளில் முதல் நாளே ஒரு தாள் தருவார்கள். பரீட்சைக்கு இத்தனை, கட்டுரைக்கு இத்தனை, வகுப்பில் பேசுவதற்கு இத்தனை மதிப்பெண் என்று அதில் இருக்கும். "நான் சொன்னதில் எது சரியில்லை?" என்று ஆசிரியரே கேட்பார். நம் பையன் எல்லாம் தெரிந்து வைத்துக்கொண்டு அடக்கமாக உட்கார்ந்திருப்பான். அவரோ, "இவன் படிக்காமல் வந்திருக்கிறான்" என்று முடிவு கட்டிவிடுவார். மௌனம் ஒன்றுதான், இங்கே அது பணிவு, அங்கே அது வெறுமை.

இன்னொன்று முக்கியம். புத்தகத்தில் உள்ளதை அப்படியே எழுதினால் இங்கே "நல்லாப் படிச்சிருக்கான்" என்பார்கள். அங்கே யாருடைய வரி என்று குறிப்பிடாமல் எழுதினால் அது திருட்டு. கல்லூரியை விட்டே அனுப்பிவிடக்கூடும். போகிறவர்கள் விமானம் ஏறுமுன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்தது சுதந்திரம். இங்கே அட்மிஷன் அன்று அப்பா, மாமா, சித்தப்பா எல்லாரும் வருவார்கள். எந்தப் பாடம் என்று தீர்மானிப்பதும் பல வீடுகளில் அவர்களே. அமெரிக்காவில் 1974-இல் வந்த ஒரு சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்துவிட்டால் மதிப்பெண் பற்றிய உரிமை மாணவருக்கு. அவர் சம்மதம் இல்லாமல் பெற்றோருக்குக்கூடப் பொதுவாகச் சொல்ல மாட்டார்கள். கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? ஆனால் காய்ச்சலில் படுத்தால் கதவைத் தட்டி, "என்னடா, சாப்பிட்டியா?" என்று மெஸ்ஸிலிருந்து கஞ்சி வாங்கி வரும் ரூம்மேட் அங்கே எல்லாருக்கும் கிடைப்பதில்லை. அந்தச் சுதந்திரத்துக்கு விலை தனிமை.

சரி, கேள்வி கேட்பது மேல்நாட்டுச் சரக்கா? இல்லவே இல்லை. 13-ஆம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர், ஆசிரியர் சொற்படி நடக்க வேண்டும் என்று மாணவனுக்குக் கண்டிப்பாக விதிக்கிறார். அவரே ஒரு கணக்கும் போடுகிறார். ஆசிரியர் சொன்னதை நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் வருவது கால் பங்கு அறிவுதான். உடன் படிப்பவரோடு பழகினால் இன்னொரு கால். பிறருக்கு எடுத்துச் சொன்னால்தான் மீதி அரை. பணிவும் பேச்சும் ஒரே நூலில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. நாம் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

நம் திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தான். 1789-இல் சென்னை எழும்பூர் அநாதைப் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதக் கண்டு, அந்த வழியையும் மாணவரே மாணவருக்குச் சொல்லித் தரும் முறையையும் தம் பள்ளியில் கையாண்டார். இங்கிலாந்தில் அதற்கு 'மதராஸ் முறை' என்றே பெயர். நாம் கொடுத்ததைத்தான் இப்போது இறக்குமதி செய்கிறோம்!

இரண்டையும் கற்றவர்களும் உண்டு. ஊர்காவற்றுறைப் பக்கம் பிறந்து, ரோமில் சமயக் கல்வி முடித்த தனிநாயகம் அடிகள், 1940-களில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து தமிழ் படித்தார். பிறகு லண்டனில் அவர் ஆராய்ந்த பொருள் என்ன தெரியுமா? பழந்தமிழரின் கல்விச் சிந்தனை. நம்முடையதை விட்டுவிட்டா அவர் வெளியே போனார்?

பேராசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். வாரத்தில் ஒரு மணி நேரமாவது மாணவர் பேசட்டும், தாங்கள் கேளுங்கள். மாணவர்களே, எழுந்து நின்று, "ஐயா, எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது" என்று சொல்லப் பழகுங்கள். அதில் 'ஐயா'வும் இருக்கட்டும், 'வேறு மாதிரி'யும் இருக்கட்டும். முன்னாள் மாணவர்களாகிய நாம் நன்கொடையோடு நின்றுவிடாமல், ஊருக்கு வரும்போதெல்லாம் ஒரு பிற்பகல் இவர்களோடு உட்கார்ந்து விவாதிப்போம். அந்த மீதி முக்கால் பங்கு அப்படித்தான் வரும்.