‘சொல்லிட்டேனே’ன்னா போதுமா?

பத்து பேர் இருக்குற டீம்ல ஒரு விஷயம் கேட்கணும்னா நாற்காலியைத் திருப்பினா போதும். ரெண்டு ரெண்டு பேரா எண்ணினா 45 ஜோடிதான். அதே டீம் ஐம்பது பேர் ஆனா 1,225 ஜோடி. ஆள் அஞ்சு மடங்கு கூடினா, பேச வேண்டிய வழி 27 மடங்கு கூடுது. ஃபிரெட் புரூக்ஸ் 1975-லயே ‘தி மித்திக்கல் மேன்-மந்த்’ புத்தகத்துல இந்தச் சிக்கலைப் பத்தி எழுதிட்டார். அதனாலதான் பெரிய டீம்ல டிக்கெட், ஃபார்ம், அப்ரூவல்னு வருது. “ஒரு மெசேஜ்ல முடியற வேலைக்கு எதுக்கு இவ்வளவு?”ன்னு நமக்கு எரிச்சலும் வருது.

இதுக்கு ஒரு நிஜ உதாரணம் சொல்றேன். 1998 டிசம்பர்ல நாசா ‘மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்’னு ஒரு விண்கலத்தைச் செவ்வாய்க்கு அனுப்புச்சு. 1999 செப்டம்பர் 23, செவ்வாயைச் சுற்ற ஆரம்பிக்க வேண்டிய நாள். அன்னைக்கே கலம் தொலைஞ்சு போச்சு. 226 கிலோமீட்டர் உயரத்துல போக வேண்டியது, சுமார் 57 கிலோமீட்டருக்கு இறங்கிடுச்சு. கலத்தைக் கட்டின லாக்ஹீட் மார்ட்டினோட சாஃப்ட்வேர், உந்துவிசையை பவுண்ட் கணக்குல கொடுத்தது. வழிகாட்டுற குழு அதை நியூட்டன்னு எடுத்துக்கிச்சு. 4.45 மடங்கு வித்தியாசம்.

இந்தக் கதை பல பேருக்குத் தெரியும். ஆனா விசாரணை அறிக்கையில இன்னும் ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு, நியூட்டன்லதான் தரணும்னு ஆவணத்துலயே எழுதியிருந்தது. அது நடக்குதான்னுதான் சரியா பார்க்கல. ரெண்டு, கலம் போயிட்டு இருக்கும்போதே கணக்கு ஒத்துவரலைன்னு தெரிஞ்சுது. அவங்க சும்மா இருக்கல, மெயில்ல பேசினாங்க. பிரச்சினையைப் பதிவு பண்ண தனி முறை இருந்தும் அதைச் சரியா பயன்படுத்தல. விஷயம் அப்படியே நழுவிப் போச்சு.

மெயில், சாட்ல என்ன சிக்கல்னா, பதில் வரலைன்னா அது கீழ போயிடும், யாரையும் உறுத்தாது. டிக்கெட்டுக்கு ஒருத்தர் பேர் இருக்கும், முடிக்கிற வரைக்கும் திறந்தே இருக்கும். அதுக்காக டிக்கெட் மட்டும் போதும்னு இல்ல. “வாங்க, இந்தக் கணக்கைச் சேர்ந்து பார்ப்போம்”னு ஒருத்தர் கூப்பிட்டுப் பேசியே ஆகணும்.

அதனால எங்க டீம்ல நான் கேட்டுக்கறது ஒண்ணுதான். முதல்ல தாராளமா பேசுங்க. பேசி முடிச்சும் ஒரு சந்தேகம் பாக்கி இருந்தா, அன்னைக்கே ஒரு டிக்கெட், ஒரு பேர், ஒரு தேதி. அதைப் போட ரெண்டு நிமிஷத்துக்கு மேல ஆச்சுன்னா, குறை ஃபார்ம்லதான். பதினஞ்சு கட்டம் நிரப்பச் சொன்னா எல்லாரும் சாட்டுக்குத்தான் ஓடுவாங்க. அந்தக் கட்டங்களைக் குறைக்கறது டீம் லீடோட வேலை.

புதுசா வேலைக்குச் சேர்ந்தவங்களுக்கு ஒண்ணு: “சொல்லிட்டேனே”ன்னு நிறுத்திடாதீங்க. “இதை யார் பார்க்கறீங்க?”ன்னு கேளுங்க. இந்த வாரம் நீங்க சாட்ல சொல்லி, இன்னும் யாரும் எடுக்காத சந்தேகம் ஏதாவது இருக்கான்னு ஒரு தடவை தேடிப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.