வாடகை பாக்கியும் வாசல் பூட்டும்



இன்றைய பேச்சு ஒரு பூட்டைப் பற்றியது.

ஒரு குடும்பத்தை மனதில் நினைத்துக் கொள்ளுங்கள். மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் ஒரு கோலி. பத்துக்குப் பத்து அடி. மாத வாடகை 4,000 ரூபாய். கணவர் தோல் பட்டறையில் வேலை பார்த்தார். பட்டறை மூடிவிட்டது. ஊரில் தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று திருநெல்வேலிக்குப் போயிருக்கிறார். மனைவி கிங்ஸ் சர்க்கிளில் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறார். அந்தப் பணம் சாப்பாட்டுக்கே சரியாகப் போகிறது. மூன்று மாத வாடகை பாக்கி.

ஒரு நாள் மாலை. பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு வருகிறார். கதவில் புதுப் பூட்டு தொங்குகிறது. உள்ளே அரிசி, அடுப்பு, மாற்றுத் துணி, ரேஷன் கார்டு, ஆதார் கார்டு, பிள்ளையின் இருமல் மருந்து. எல்லாம் உள்ளே. தாயும் பிள்ளையும் வெளியே.

வீட்டுக்காரர் பக்கத்துச் சந்தில் கடை வைத்திருக்கிறார். அவரும் நம் ஊர்ப் பக்கத்துக்காரர்தான்.

"அண்ணாச்சி, பூட்டுப் போட்டிருக்கீங்களே. பிள்ளைய வச்சிக்கிட்டு நான் எங்க போவேன்?"

"மூணு மாசம் பொறுத்தாச்சும்மா. பாக்கியக் கொண்டா, சாவிய வாங்கிக்கோ. என் வீடு. என் பூட்டு."

அக்கம்பக்கத்தில் இருப்பவர்களும் வாய் திறக்கவில்லை. "வாடகை கொடுக்கவில்லை என்றால் அவர் என்ன செய்வார், பாவம்" என்கிறார் ஒருவர். அந்த அம்மாவுக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. பாக்கி வைத்தது நாம்தானே, நமக்கு என்ன பேச்சு இருக்கிறது என்று தலை குனிகிறார்.

இங்கேதான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள்.

அண்ணாச்சி சொன்னதில் பாதி உண்மை. வீடு அவருடையது. பாக்கியும் உண்மை. 12,000 ரூபாய் அவருக்கு வர வேண்டிய பணம். அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் பாக்கி ஒரு விஷயம், கதவு வேறு விஷயம். பாக்கி இருக்கிறது என்பதற்காகக் கதவைத் தன் கையால் பூட்டும் உரிமை வீட்டுக்காரருக்கு இல்லை. குடியிருப்பவரை வெளியேற்றும் அதிகாரம் கோர்ட்டுக்குத்தான் உண்டு.

இது புதுச் சட்டம் அல்ல. வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1924ல், வங்காளத்து நில வழக்கு ஒன்று லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. இந்தியாவில் பலவந்தமாக இடத்தைப் பிடிக்க யாருக்கும் அனுமதி இல்லை, கோர்ட்டு மூலமாகத்தான் பெற வேண்டும் என்று அங்கே தீர்ப்பானது. 1968ல் நம் சுப்ரீம் கோர்ட்டு அதை ஏற்றுக்கொண்டது. 1989ல் இன்னும் ஒரு படி மேலே போனது. ஒருவர் ஓர் இடத்தில் நிலையாக இருந்து வருகிறார். அங்கே தொடர்ந்து இருக்க அவருக்கு உரிமை இல்லை என்றே வைத்துக் கொள்வோம். அப்போதும் சொந்தக்காரர் சட்ட வழியில்தான் அவரை வெளியேற்ற முடியும். பூட்டுப் போட்டோ, சாமானை வெளியே எறிந்தோ வெளியேற்ற முடியாது.

அப்படியானால் வாடகை வராத வீட்டுக்காரர் என்ன செய்ய வேண்டும்?

மும்பையில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1918லேயே வந்துவிட்டது. முதல் உலகப் போர் சமயத்தில் வாடகை கண்டபடி ஏறியதால் வந்த சட்டம் அது. பிறகு 1947ல் ஒரு சட்டம். இப்போது நடப்பில் இருப்பது 1999ஆம் வருடத்து மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். 2000 மார்ச் 31 முதல் அமலில் இருக்கிறது. அதன் 15ஆம் பிரிவை ஒவ்வொரு வாடகைக் குடித்தனக்காரரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

வாடகை பாக்கி என்றால் வீட்டுக்காரர் முதலில் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். வாயால் சொன்னது நோட்டீஸ் ஆகாது. நோட்டீஸ் கைக்கு வந்த பிறகு 90 நாள் காத்திருக்க வேண்டும். அந்த 90 நாள் முடியும் முன் அவர் வழக்கே போட முடியாது. வழக்குப் போட்டால் கோர்ட்டிலிருந்து சம்மன் வரும். சம்மன் வந்த நாளிலிருந்து இன்னொரு 90 நாள் உண்டு. அதற்குள் பாக்கி முழுவதையும் வட்டியோடு கோர்ட்டில் கட்டிவிட்டால், பாக்கி என்ற காரணத்துக்காக வீட்டைக் காலி செய்யச் சொல்ல முடியாது. வட்டி வருடத்துக்கு நூற்றுக்குப் பதினைந்து. தனி வட்டி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 12,000 ரூபாய்க்கு ஒரு வருட வட்டி 1,800 ரூபாய். ஒரு மாதத்துக்கு 150 ரூபாய். கந்து வட்டிக்குக் கடன் வாங்கி இரவோடு இரவாகச் சாவியை மீட்பதை விட இது எவ்வளவோ மேல். ஆனால் ஒன்று. வழக்கு நடக்கும்போது மாதா மாத வாடகையும் தவறாமல் கட்டி வர வேண்டும். கோர்ட்டு சொல்லும் வழக்குச் செலவையும் கட்ட வேண்டும். சம்மனை மடித்துப் பானைக்கு அடியில் வைத்துவிட்டுச் சும்மா இருந்தால் 90 நாள் ஓடிவிடும். பிறகு சட்டமும் கை கொடுக்காது.

இப்போது அந்த அம்மாவிடம் திரும்பிப் போவோம். நோட்டீஸ் இல்லை. சம்மன் இல்லை. பூட்டுத்தான் இருக்கிறது. இருட்டிக்கொண்டு வருகிறது. அவர் என்ன செய்ய வேண்டும்?

பூட்டை உடைக்கக் கூடாது. கோபத்தில் உடைத்துவிட்டால், "என் சாமானைத் திருடினாள்" என்று எதிர்ப் புகார் வரும். நியாயம் இருந்தும் குற்றவாளியாக நிற்க வேண்டியிருக்கும். பூட்டிய கதவைச் செல்போனில் படம் எடுக்கட்டும். பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேரிடம், பூட்டை எப்போது பார்த்தார்கள் என்று கேட்டு வைக்கட்டும். பிறகு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகட்டும். அவசரம் என்றால் 112 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்.

போலீஸில் பல சமயம் ஒரு பதில் வரும். "இது சிவில் மேட்டர். கோர்ட்டுக்குப் போங்க." வாடகை பாக்கி சிவில் விஷயம்தான். ஆனால் குடியிருக்கும் வீட்டுக்குள் ஒருவரைப் போகவிடாமல் தடுப்பது குற்ற விஷயமாகவும் ஆகும். ஆகவே புகாரை எழுதிக் கொடுக்க வேண்டும். என்ன தேதி, எத்தனை மணி, எந்தக் கோலி, எவ்வளவு காலமாகக் குடியிருக்கிறோம், யார் பூட்டியது, உள்ளே என்னென்ன இருக்கிறது. இவ்வளவு போதும். பெரிய தமிழோ பெரிய மராட்டியோ தேவையில்லை. புகாரின் நகலில் ஸ்டேஷன் முத்திரை வாங்க வேண்டும். குறைந்தது என்.சி. பதிவாவது செய்து அதன் நம்பரை வாங்கிக்கொள்ள வேண்டும். இன்ன தேதியில் இவர் வெளியேற்றப்பட்டார் என்பதற்கு நாளை கோர்ட்டில் அது சாட்சி.

அந்தத் தேதி ஏன் அவ்வளவு முக்கியம்? 1963ஆம் வருடத்து குறிப்பிட்ட பரிகாரச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன் 6ஆம் பிரிவு சொல்வது இதுதான். சம்மதம் இல்லாமல், சட்ட வழியும் இல்லாமல் ஓர் இடத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர், அந்த இடத்தைத் திரும்பப் பெற வழக்குப் போடலாம். வெளியேற்றிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போட வேண்டும். அந்த வழக்கில் வீடு யாருக்குச் சொந்தம் என்ற பேச்சே எழாது. யார் அங்கே இருந்தார், எப்போது வெளியேற்றப்பட்டார், எப்படி வெளியேற்றப்பட்டார். கோர்ட்டு பார்ப்பது இவ்வளவுதான்.

லேபர் கேம்ப், தாராவி மாதிரி இடங்களில் இது பெரிய பலம். அங்கே பல கோலிகளுக்கு ஒழுங்கான வாடகைப் பத்திரம் கிடையாது. "உன்னிடம் என்ன காகிதம் இருக்கிறது?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவார்கள். கரண்ட் பில், காஸ் ரசீது, பள்ளிக்கூட முகவரி, ஓட்டர் கார்டு, அக்கம்பக்கத்துச் சாட்சி, இவையெல்லாம் அங்கே குடியிருந்ததைக் காட்டும். குடிசைப் பகுதி என்று அரசு அறிவித்த இடமாக இருந்தால் இன்னொரு காப்பும் உண்டு. 1971ஆம் வருடத்துக் குடிசைப் பகுதிச் சட்டப்படி, அங்கே குடியிருப்பவரை வெளியேற்ற அதற்கென்று உள்ள அரசு அதிகாரியின் எழுத்து அனுமதி வேண்டும்.

மாட்டுங்காவில் எல்லாக் குடித்தனக்காரரும் ஒரே மாதிரி அல்ல. கிங்ஸ் சர்க்கிள் பக்கத்துப் பழைய கட்டிடங்களில் பகடி கொடுத்து மூன்று தலைமுறையாக இருப்பவர்கள் உண்டு. அவர்கள் வாடகை மிகக் குறைவு. சில இடங்களில் அது வீட்டுக்காரருக்குப் படிக்கட்டு விளக்குச் செலவுக்குக்கூடக் காணாது. பழைய சட்டம் வாடகையை 1940ஆம் வருடத்து அளவிலேயே கட்டிப் போட்டிருந்தது. இது நியாயமில்லை என்று 1997ல் சுப்ரீம் கோர்ட்டே சொன்னது. இப்போதைய சட்டத்தில் வருடத்துக்கு நூற்றுக்கு நான்கு வீதம் வாடகை ஏற்றலாம். வீட்டுக்காரர் குறையிலும் நியாயம் இருக்கிறது என்பதற்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பதினோரு மாத லீவ் அண்ட் லைசென்ஸ் பத்திரத்தில் இருப்பவர்கள் இன்னொரு வகை. அவர்களுக்குப் பாதுகாப்பு குறைவு. காலம் முடிந்தால் காலி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் வீட்டுக்காரர் அதற்கென்று உள்ள அதிகாரியிடம் மனுக் கொடுப்பார். காலம் கடந்து இருந்த நாட்களுக்கு இரண்டு மடங்கு பணம் கட்ட நேரும். ஆனாலும் அதிகாரியின் உத்தரவு வேண்டும். இந்தப் பத்திரத்தை எழுதிப் பதிவு செய்ய வேண்டியது வீட்டுக்காரர் பொறுப்பு. பதிவு செய்யாமல் விட்டால், என்ன நிபந்தனையில் வீட்டைக் கொடுத்தார் என்பதில் குடியிருப்பவர் சொல்வதையே கோர்ட்டு ஏற்கும். மாற்றி நிரூபிக்க வேண்டியது வீட்டுக்காரர்.

பூட்டுக்குப் பதில் தண்ணீரையும் கரண்டையும் வெட்டுவது இன்னொரு தந்திரம். தகுந்த காரணமில்லாமல் அப்படிச் செய்யக் கூடாது என்று 1999 சட்டத்தின் 29ஆம் பிரிவு தடுக்கிறது. கோர்ட்டில் மனுக் கொடுத்தால் திரும்பக் கொடுக்கச் சொல்லி உத்தரவு வாங்கலாம்.

2020ஆம் வருடம் நினைவிருக்கும். கொரோனா. தாராவியில் ஏப்ரல் முதல் தேதி முதல் நோயாளி கண்டுபிடிக்கப்பட்டார். பட்டறைகள் நின்றன. வருமானம் நின்றது. வாடகை எப்படிக் கொடுப்பது? மார்ச் 29ல் மத்திய அரசு ஓர் உத்தரவு போட்டது. தொழிலாளரிடம் ஒரு மாத வாடகை கேட்கக் கூடாது, தொழிலாளரையும் மாணவரையும் காலி செய்யச் சொல்லும் வீட்டுக்காரர் மீது நடவடிக்கை என்றது. ஏப்ரல் 17ல் மகாராஷ்டிர வீட்டு வசதித் துறையும் ஓர் அறிவுரை வெளியிட்டது. மூன்று மாதமாவது வாடகை வசூலைத் தள்ளிப் போடுங்கள், பாக்கிக்காக யாரையும் வெளியேற்றாதீர்கள் என்று. நிறையப் பேர் இதைத் தப்பாகப் புரிந்துகொண்டார்கள். மூன்று மாத வாடகை தள்ளுபடி என்று நினைத்தார்கள். மகாராஷ்டிர அரசு தள்ளித்தான் போடச் சொன்னது. தள்ளுபடி செய்யச் சொல்லவில்லை. அறிவிப்பை முழுதாகப் படித்தவருக்கு அந்த வித்தியாசம் தெரிந்தது.

வாடகை கொடுக்கப் போனால் சில வீட்டுக்காரர்கள் வாங்க மறுப்பார்கள். பாக்கி ஏற வேண்டும் என்பதற்காகவே மறுப்பவர்களும் உண்டு. அப்போது பணத்தை வங்கி வழியாகவோ செல்போன் வழியாகவோ அனுப்பலாம். அல்லது செக்கை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி அந்தத் துண்டுச் சீட்டை வைத்துக்கொள்ளலாம். வாடகை கொடுக்கத் தயாராக இருந்தோம் என்பதற்கு அது சாட்சி. கையில் கொடுத்தால் ரசீது கேளுங்கள். ரசீது கொடுப்பது வீட்டுக்காரரின் கடமை. கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

அந்த அம்மா போலீஸ் ஸ்டேஷனில் இருக்கும்போது அண்ணாச்சிக்கும் ஆள் அனுப்பினார்கள். அவர் கையில் ஒரு தாளோடு வந்தார். குரல் இப்போது இறங்கியிருந்தது.

"எதுக்கும்மா பிரச்சினை? சாமானை எடுத்துக்கோ. பாக்கியையும் விட்டுடுறேன். இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடு."

அந்த அம்மா முன்பெல்லாம் கைநாட்டு வைப்பவர். இப்போது எழுத்துக் கூட்டிப் படிப்பார். தாளை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படித்தார். "நாங்கள் முழுச் சம்மதத்துடன் கோலியைக் காலி செய்து சாவியை ஒப்படைத்துவிட்டோம்." சம்மதம் என்ற இடத்தில் நின்றார். அந்த ஒரு சொல்லில் கையெழுத்துப் போட்டால் ஆறு மாதத்து வழக்கு போயிற்று.

"அண்ணாச்சி, நான் சம்மதிக்கலயே. பாக்கிய மாசம் ரெண்டாயிரமா சேத்துக் கட்டுறேன். இதுல கையெழுத்துப் போட மாட்டேன்."

தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அன்று இரவு அவருக்காகக் கதவு திறந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். திறக்காத வீடுகளும் உண்டு. அப்படிப்பட்டவர்கள் மறுநாள் காலையில் சட்ட உதவி கேட்டுப் போக வேண்டும். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் கொடுக்க 1987ஆம் வருடத்துச் சட்டம் இருக்கிறது. போன் எண் 15100. மும்பையில் வாடகை வழக்குகளைப் பார்ப்பது ஸ்மால் காசஸ் கோர்ட்டு. அது தோபி தலாவில் இருக்கிறது. பாந்த்ராவில் ஒரு கிளையும் உண்டு. எந்த வழக்கை எங்கே போடுவது என்று வக்கீல் சொல்வார். போகும்போது பூட்டின படம், புகாரின் நகல், வாடகை கட்டிய ரசீதுகள், அந்த முகவரி போட்ட ஏதாவது இரண்டு காகிதம், இவற்றை ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். மூலக் காகிதத்தை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். நகலைக் கொடுங்கள்.