படிப்பு இலவசம், படுக்கையும் சோறும் யார் தருவது?

(மன்னாரில் உழவரும் கடற்றொழிலாளரும் ஆசிரியரும் உத்தியோகத்தரும் கூடியிருந்த கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் தேர்தலைப் பற்றியதன்று. கட்டுக்கரைக் குளத்தின் கீழ் வயல் செய்பவர் வீட்டிலும், பேசாலையிலும் வங்காலையிலும் கடலை நம்பி வாழ்பவர் வீட்டிலும், ஆண்டுதோறும் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி வெளியானவுடன் எழுகின்ற ஒரு கேள்வியைப் பற்றியது. "பிள்ளைக்கு இடம் கிடைத்துவிட்டது, மாதாமாதம் காசுக்கு எங்கே போவது?" என்பதே அக்கேள்வி. முதல்நாள் மகிழ்ச்சியில் எவரும் இதனை வாய்விட்டுச் சொல்வதில்லை. மறுநாள் இரவு தாயும் தந்தையும் தனித்திருந்து கணக்குப் பார்க்கும்போது இது வெளிவருகின்றது.

இலங்கையில் கல்வி இலவசம் என்று நாம் பெருமை பேசுகின்றோம். அப்பெருமை பொய்யன்று. அரசாங்க சபையில் கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கராவின் முயற்சியால், 1945-ஆம் ஆண்டில் பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணம் நீக்கப்பட்டது. அமெரிக்க ஐக்கிய நாட்டிலே ஒரு மாநில அரசின் பல்கலைக்கழகத்தில் வேறு மாநிலத்துப் பிள்ளை சேர்ந்தால், உள்ளூர்ப் பிள்ளை செலுத்துவதைப் போல் இரண்டு மூன்று மடங்கு கட்டணம் செலுத்த நேர்வது வழக்கம். இங்கோ, மன்னார்ப் பிள்ளை மாத்தறைக்குச் சென்றாலும் மாத்தறைப் பிள்ளைக்கு இல்லாத கட்டணம் எதுவும் அதற்கு இல்லை. இந்த நன்மையை நாம் மறுக்கவில்லை.

ஆயினும், கட்டணம் வேறு, செலவு வேறு. மாத்தறைப் பிள்ளை மாலையில் வீட்டுக்குத் திரும்பித் தாயின் கையால் உண்டு உறங்கும். மன்னார்ப் பிள்ளை எங்கே உறங்கும்? எவர் கையால் உண்ணும்? ஒரே வகுப்பில், ஒரே வாங்கில் இருக்கும் இவ்விரு பிள்ளைகளுக்கும் சட்டம் ஒன்றே, செலவு ஒன்றன்று.

இந்த உண்மையைப் பல்கலைக்கழகத்தை அமைத்தவர்கள் அறியாதவர்களல்லர். 1942-இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. ஐவர் ஜெனிங்ஸ் அதன் முதல் துணைவேந்தர். 1952-இல் அது பேராதனைக்குக் குடிபெயர்ந்தபோது, மாணவர் தங்கிப் படிக்கும் பல்கலைக்கழகமாகவே அமைந்தது. தமிழராகிய அருணாசலத்தின் பெயரிலும் இராமநாதனின் பெயரிலும் அங்கே மாணவர் மண்டபங்கள் எழுந்தன. படுக்கையும் உணவும் கல்வியின் உறுப்புகள் என்பதே அன்றைய கொள்கை. பின்னர் மாணவர் தொகை பெருகியது, பல்கலைக்கழகங்கள் பலவாயின, விடுதிகள் மட்டும் அந்த அளவுக்கு வளரவில்லை. இன்று பல பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணவருக்கும் இறுதியாண்டு மாணவருக்குமே விடுதியில் முன்னுரிமை. இடையிலுள்ள ஆண்டுகளில் பிள்ளை வெளியே அறை தேடவேண்டும். வீட்டுக்காரர் கேட்கும் முற்பணத்தைக் கட்டவேண்டும்.

இனி, நம் மன்னாரின் நிலையைப் பார்ப்போம். இத்தீவு ஒரு காலத்தில் கல்விக்குச் செல்வோரின் பாதையாக இருந்தது. 1914-இல் இந்திய இலங்கைப் புகையிரதக் கப்பற் சேவை தொடங்கிய நாள் முதல், 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்த நாள் வரை, சென்னைக்கும் அண்ணாமலைக்கும் படிக்கச் சென்ற மாணவர் தலைமன்னார்த் துறையிலேதான் கப்பலேறினர். அவர்களிற் பெரும்பாலோர் கையில் காசுள்ள வீட்டுப் பிள்ளைகள். நாமோ அவர்களுக்கு வழிவிட்டு நின்றோம்.

பின்பு மாவட்ட ஒதுக்கீடு வந்தது. இதனைப் பற்றித் தமிழ் மக்களிடையே நேர்மையாகப் பேச வேண்டும். 1971-இல் புகுத்தப்பட்ட மொழிவாரித் தரப்படுத்தல் தமிழ் மாணவருக்கு இழைக்கப்பட்ட அநீதி. அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. 1974-இல் வந்த மாவட்ட ஒதுக்கீட்டால் யாழ்ப்பாணத்து மாணவர் பலர் இடமிழந்தனர்; அதுவும் உண்மை. ஆனால் விஞ்ஞான ஆசிரியரும் ஆய்வுகூடமும் போதாதிருந்த மன்னார், முல்லைத்தீவு போன்ற மாவட்டங்களுக்குப் பல்கலைக்கழக வாயில் ஓரளவேனும் திறந்ததும் அந்த ஒதுக்கீட்டினால்தான். இன்றைய விதிப்படி, பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், எஞ்சிய 5 வீதம் கல்வியிற் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கும் உரியன. அந்தப் பதினாறில் மன்னாரும் ஒன்று.

இங்கேதான் நாம் ஒரு கேள்வியைக் கேட்கின்றோம். மன்னார் பின்தங்கிய மாவட்டம் என்று அரசாங்கமே எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்த ஒப்புதல் பல்கலைக்கழக வாயிலோடு ஏன் நின்றுவிட வேண்டும்? புள்ளி வழங்கும்போது பின்தங்கியவராக இருந்த பிள்ளை, பதிவு செய்த மறுநாளே கொழும்புச் செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு நிகராகிவிடுகிறதா? உழவர்களாகிய உங்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. மடையைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது. வாய்க்கால் உடைந்து கிடந்தால் கடைசி வயலுக்கு நீர் வந்து சேராது. மன்னார் அந்தக் கடைசி வயல்.

"அயலில் யாழ்ப்பாணமும் வவுனியாவும் இருக்கின்றனவே, தூரம் போவானேன்?" என்று சிலர் கேட்பார்கள். 1974-இல் வளாகமாகத் தொடங்கிய யாழ்ப்பாணம் 1979-இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. வவுனியா 2021-இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. இரண்டும் நமக்கு அரிய செல்வங்கள். ஆயினும் தலைமன்னாரிலிருந்தோ சிலாவத்துறையிலிருந்தோ நாள்தோறும் அங்கே போய்வர முடியுமா? அங்கும் அறை வேண்டும். மேலும், நமக்கு வேண்டிய எல்லாப் படிப்பும் அங்கே இல்லை. கடற்றொழிலுக்கும் கடல்சார் விஞ்ஞானத்துக்குமென ஒரு தனிப் பீடம் இருப்பது தெற்கே றுகுணுப் பல்கலைக்கழகத்தில். கால்நடை வைத்தியப் பீடம் இருப்பது பேராதனையில். மாடு வளர்க்கும் மாந்தைப் பிள்ளையும் மீன்பிடிக்கும் பேசாலைப் பிள்ளையும் தம் தந்தையரின் தொழிலை விஞ்ஞானமாகக் கற்க விரும்பினால், மதவாச்சிச் சந்தியைக் கடந்தே ஆகவேண்டும். தூரம் போகாதே என்று தடுப்பது, இந்தப் படிப்பு உனக்கில்லை என்று சொல்வதற்குச் சமம்.

அரசு உதவி இல்லையா? உண்டு. 1981-ஆம் ஆண்டில் சட்டத்தால் நிறுவப்பட்ட மகாபொல நம்பிக்கை நிதியம் புலமைப்பரிசில் வழங்குகின்றது. அது கிட்டாத வறிய மாணவருக்குப் பர்சரி எனப்படும் உதவித்தொகை உண்டு. 2025-ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டம் மகாபொலத் தொகையை மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆகவும், பர்சரியை 4,000 ரூபாயிலிருந்து 6,500 ஆகவும் உயர்த்தியது. வரவேற்கத்தக்க செயல். ஆனால் கணக்கைப் பாருங்கள். 7,500 ரூபாயை 30 நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 250 ரூபாய். 6,500 ரூபாயைப் பங்கிட்டால் 217 ரூபாய்க்கும் குறைவு. இதற்குள் மூன்று வேளை உணவு, அறை வாடகை, புத்தகம், பிரதி எடுக்கும் செலவு, பண்டிகைக்கு ஊர் திரும்பும் பேருந்துக் கட்டணம் யாவும் அடங்குமா? 2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 90 வீதத்தைத் தாண்டியது. அப்போதும் மகாபொல 5,000 ரூபாயாகவே இருந்தது. விலை ஏறும் நாளில் உதவி ஏறுவதில்லை. ஆண்டுகள் கழிந்தே ஏறுகின்றது. வருமான வரம்பைச் சற்றே தாண்டிவிட்ட சிற்றுத்தியோகத்தர் வீட்டுப் பிள்ளைக்கோ இரண்டும் இல்லை.

இதன் விளைவு என்ன? குறித்த நாளுக்குள் பதிவு செய்யாவிட்டால் இடம் போய்விடும். ஆகவே கடன் வாங்கியாவது பதிவு செய்கின்றனர். நகை அடகுக்குப் போகின்றது. அடுத்த போகத்து நெல் முன்கூட்டியே விலையாகின்றது. வீட்டில் இரு பிள்ளைகள் தேறினால் ஒருவர் நிற்கின்றார். நிற்பவர் பெரும்பாலும் பெண்பிள்ளை. "விடுதி இல்லை, தெரியாத ஊர், எப்படி அனுப்புவது?" என்று தாய் தந்தையர் தயங்குகின்றனர். அவர்களைக் கடிந்து பயனில்லை. காவலுள்ள ஒரு விடுதி இருந்தால் அத்தயக்கம் பாதியாய்க் குறையும்.

சட்டம் என்ன சொல்கின்றது? 1978-ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 27-ஆம் உறுப்புரை, எல்லா நிலைகளிலும் கல்விக்குச் சமமான வாய்ப்பை யாவருக்கும் உறுதிசெய்வது அரசின் நோக்கங்களுள் ஒன்று என்கின்றது. ஆனால் 29-ஆம் உறுப்புரை, அந்நோக்கங்களை எந்த நீதிமன்றிலும் வற்புறுத்த முடியாது என்று கூறிவிடுகின்றது. 1980-இல் இலங்கை ஏற்றுக்கொண்ட பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையின் 13-ஆம் உறுப்புரையும், உயர்கல்வி யாவருக்கும் சமமாகக் கிட்ட வேண்டும், போதிய உதவிப்பண முறை நிறுவப்பட வேண்டும் என்று விதிக்கின்றது. "போதிய" என்னும் சொல்லை நன்றாகக் கவனியுங்கள். வழக்கறிஞராகிய நாம் சொல்கின்றோம்: நீதிமன்றம் கேளாத உரிமையை மக்கள் மன்றம்தான் கேட்க வேண்டும்.

ஆகவே அரசிடம் நாம் கேட்பவை மூன்று. ஒன்று: பின்தங்கிய 16 மாவட்டங்களிலிருந்து வேறு மாகாணத்துக்குச் செல்லும் மாணவர் அனைவருக்கும், முதலாண்டு முதல் இறுதியாண்டு வரை விடுதியில் இடம் உறுதிசெய்யப்பட வேண்டும், பெண்களுக்கு அது முதற்கண் செய்யப்பட வேண்டும். இரண்டு: உதவித்தொகையின் முதல் தவணை பதிவு நாளிலேயே கைக்குக் கிடைக்க வேண்டும், செலவு முதல்நாளே தொடங்குகின்றது, பணம் மாதங்கள் கழித்து வருவதில் யாருக்கு என்ன பயன்? மூன்று: உதவித்தொகை ஆண்டுதோறும் விலைச்சுட்டியோடு சேர்ந்து உயர வேண்டும். இவை சலுகைகளல்ல. இடம் தந்த கையே வழியும் தரவேண்டும் என்ற நியாயம்.

ஆனால் அரசு தரும்வரை நம் பிள்ளைகள் காத்திருக்க முடியாது. இவ்வாண்டு தேறிய பிள்ளைக்கு இவ்வாண்டே சோறு வேண்டும். எனவே நாம் செய்யக்கூடியதையும் சொல்லிவிடுகின்றோம். 2025 பெப்ரவரியில் அரசாங்கம் நாட்டரிசி நெல்லுக்கு அறிவித்த கொள்வனவு விலை கிலோவுக்கு 120 ரூபாய். காலபோக அறுவடையில் ஒரு குடும்பம் 50 கிலோ நெல்லை ஒதுக்கினால் 6,000 ரூபாய். நூறு குடும்பங்கள் ஒதுக்கினால் 6 இலட்சம். மாதம் 10,000 ரூபாய் வீதம் ஐந்து பிள்ளைகளை ஓராண்டு முழுவதும் தாங்க இது போதும். கடற்றொழிலாளர் சங்கங்கள் பருவத்தில் ஒருநாட் பாட்டின் ஒரு பங்கைத் தரலாம். மாதச் சம்பளம் பெறுவோர் ஆண்டுக்கு ஒருநாட் சம்பளத்தைத் தரலாம்.

இந்நிதி தானமாக இருத்தல் வேண்டாம். வட்டியில்லாக் கடனாக இருக்கட்டும். படித்து உத்தியோகம் பெற்ற பிள்ளை சிறுகச் சிறுகத் திருப்பித் தரட்டும். அது அடுத்த பிள்ளைக்குப் போகட்டும். 1917-ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் முறையாக உறுதி எழுதி, ஆண்டுதோறும் கணக்கை ஊரறியப் படிக்க வேண்டும். கோயில், தேவாலயம், பள்ளிவாசல் மூன்றின் பெரியோரும் பொறுப்பாளராக இருக்கட்டும். எந்தப் பிள்ளையின் சமயமும் கேட்கப்படலாகாது. உறுதி எழுதும் வேலையை வழக்கறிஞராகிய நாம் கூலியின்றிச் செய்து தருவோம். ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் விண்ணப்பப் படிவம் நிரப்பவும், வருமானச் சான்று பெறவும் கிராமந்தோறும் உதவ வேண்டும். கண்டியிலும் கொழும்பிலும் வாழும் நம்மவர், புதிதாக வரும் பிள்ளைக்கு நம்பகமான அறை தேடித் தரவேண்டும். ஒரு தகப்பன் முன்பின் தெரியாத நகரில் மகளின் கைப்பெட்டியோடு தெருத்தெருவாய் அலையும் நிலை இனி இருக்கலாகாது.

பெருமக்களே! மன்னாருக்கு மருத்துவர் இல்லை, பொறியியலாளர் இல்லை, வெளியூரார் வந்தால் தங்குவதில்லை என்று நாம் குறை கூறுகின்றோம். நம் மண்ணில் பிறந்த பிள்ளை படித்து வந்தால் இங்கே தங்கும். அப்பிள்ளையை அனுப்பிவைக்கும் செலவு ஒரு வீட்டின் சுமை என்று இருக்கும்வரை, இடம் கிடைத்தும் போகாத பிள்ளைகள் இருப்பர். அது ஊரின் சுமையாகட்டும். அடுத்த வெட்டுப்புள்ளி வெளிவருமுன் ஊருக்கு ஒரு நிதி தொடங்குங்கள். கணக்குப் புத்தகத்தின் முதற் பக்கத்தில் உங்கள் பெயரை எழுதுங்கள். அரசுக்கு அனுப்பும் விண்ணப்பத்திலும் அதே பெயரை எழுதுங்கள். இரண்டும் ஒன்றாகச் செல்லட்டும்.