வாத்தியம் இல்லாமல் நிற்கும் பாட்டு



ஜப்பானில் பல்கலைக்கழக மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து, வாத்தியமே இல்லாமல் பாடுவார்கள். அகப்பெல்லா என்பார்கள். ஒருவர் மெட்டைப் பாடுவார். சிலர் சேர்ந்திசைப்பார்கள். ஒருவர் அடிக்குரல். ஒருவர் வாயாலேயே தாளம். வசேதா பல்கலைக்கழகத்தில் உருவான கோஸ்பெலர்ஸ் குழு இப்படிப் பாடிய ‘ஹிதோரி’ 2001-இல் நாடெங்கும் ஒலித்தது.

நீங்களும் நண்பர்களோடு ஒரு ஜப்பானியப் பாட்டைப் பாட விரும்புகிறீர்களா? முதலில் வாத்தியத்தை மறந்துவிட்டு மெட்டை மட்டும் முணுமுணுத்துப் பாருங்கள். தாளிக்கும் முன்பே ரசத்தை ருசி பார்ப்போமே, அப்படித்தான். வெறும் மெட்டே இனித்தால் அந்தப் பாட்டு நிற்கும்.

இன்னொன்றையும் பாருங்கள். பல்லவியின் உச்சம் உங்கள் பாடகருக்கு எட்டுகிறதா? எட்டாவிட்டால் சுருதியை இறக்கலாம். ஆனால் அடிக்குரல்காரரும் கூடவே இறங்க வேண்டும். அளவுக்கு மீறி இறக்கினால் அவருக்குத் தொண்டையில் காற்றுதான் வரும். அதனால் இருவரையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

வாத்தியமில்லாமல் சேர்ந்து பாட ஜப்பானிய மொழி நல்ல துணை. அதன் அசைகள் பெரும்பாலும் உயிரொலியில் முடியும். எல்லோரும் ஒரே ஆகாரத்தை நீட்டும்போது குரல்கள் அழகாகக் கலக்கும்.

எதில் தொடங்கலாம்? கியூ சகாமோட்டோ 1961-இல் பாடிய பாட்டைச் சொல்வேன். வெளிநாடுகளில் ‘சுகியாகி’ என்று புகழ்பெற்றது. எளிய மெட்டு. வாத்தியத்தை எடுத்தாலும் அசையாமல் நிற்கும். நடுவில் சீழ்க்கை வரும். நன்றாகச் சீழ்க்கையடிக்கும் ஒருவரை இப்போதே தேடி வையுங்கள்.