முருங்கைப் போத்து போன வழி

புலம்பெயர்ந்தவர்கள் கூட்டாக நிலம் பிடித்துத் தங்கள் ஊர்க் காய்கறியைப் பயிரிடும் பொதுத் தோட்டங்கள் இன்று பல நாடுகளில் இருக்கின்றன. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் 1990-களின் நடுவில் உருவான தோட்டம் இவற்றில் பேர்போனது. போருக்குத் தப்பி வந்த போஸ்னியப் பெண்கள், வீட்டுத் தோட்டம் இல்லாததுதான் பெரிய குறை என்று சொன்ன பேச்சிலிருந்து அது தொடங்கியது. விழுப்புரம் மாவட்டத்திலும் இதற்கு ஓர் உறவுக்காரத் தோட்டம் உண்டு. ஆனால் கதை அங்கே தலைகீழ்.

அந்தத் தோட்டத்துக்கான பயணம் மேல்மலையனூரிலிருந்து. அங்குள்ள கோயிலின் அங்காளம்மனையும் அமாவாசையில் அம்மனுக்கு நடக்கும் ஊஞ்சலையும் நேயர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாசியில் மயானக்கொள்ளைத் திருவிழாவன்று உழவர்கள் தங்கள் நிலத்து விளைச்சலையே வாரி இறைப்பதையும் பலர் பார்த்திருப்பார்கள். இறைபடும் பண்டங்களில் மணிலாவும் உண்டு. இந்தப் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை. அதன் தாயகம் தென் அமெரிக்கா. வந்த பயிர் இந்தச் செம்மண்ணில் எப்படி ஊன்றிக்கொண்டது என்பதற்குத் திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையமே சாட்சி. அங்கிருந்து 1940-இல் வெளிவந்த டி.எம்.வி. 2 ரகத்தை ஆந்திர, கர்நாடக மானாவாரி நிலங்களில் பல பத்தாண்டுகள் விதைத்தார்கள்.

வளத்தி, செஞ்சி, திண்டிவனம் என்று சாலை கிழக்கே போகிறது. செஞ்சிக் கோட்டை அங்கேயே இருக்கட்டும். வழிநெடுகப் புழக்கடைகளில் நிற்கும் முருங்கைதான் பேச்சை இழுக்கிறது. விதை போடுவதைவிடப் போத்து நடுவதே இங்கே வழக்கம். கை கனத்துக்கு ஒரு கிளையை வெட்டி, ஒரு முழம் மண்ணுக்குள் இறக்கி, வெட்டுவாயில் சாணி உருண்டையை அப்பிவிடுவார்கள். வெயிலில் முனை காயாமல் இருக்க அந்தச் சாணி. சில வாரங்களில் துளிர் வந்துவிடும்.

இந்த மரத்தோடு பழகிய மக்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாக ஒப்பந்தக் கூலிகளாய்க் கப்பலேறினார்கள். பிரான்ஸ் தன் குடியேற்றங்களில் 1848-இல் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. ரீயூனியனுக்குப் பலர் போனார்கள். மார்ட்டினிக்குக்கு முதல் கப்பல் 1853-இலும் குவாதலூப்புக்கு 1854-இலும் போய்ச் சேர்ந்தன. ரீயூனியனிலும் மொரிஷியசிலும் முருங்கைக் கீரை இன்று தமிழருக்கு மட்டுமே உரியதன்று; எல்லா இனத்தாரும் வேகவைத்துச் சோற்றோடு சாப்பிடுகிறார்கள். அதற்கு அவர்கள் வைத்த பேர் ‘மூரும்’. மொரிஷியஸ் தமிழர் விசேஷங்களில் வாழையிலையில் ஏழு கறி பரிமாறுவது இன்னும் நடக்கிறது.

கனடாவில் கதை வேறு. ஈழத்திலிருந்து 1983-க்குப் பின் போனவர்கள் நிறைந்த ஸ்கார்பரோவில் முருங்கை தொட்டிச் செடிதான். பனிக்காலம் முழுக்க வீட்டுக்குள் சன்னலோரம், கோடையில் வெளியே. தரை மே மாதக் கடைசியில்தான் பயிருக்கு இடம் கொடுக்கும். செப்டம்பர் தாண்டினால் உறைபனி பயம். அந்த நாலு மாதத்துக்குள் பாகலும் புடலும் பந்தலேறிக் காய்த்தாக வேண்டும். புடலங்காய் சுருளாமல் இறங்க நுனியில் கல் கட்டும் ஊர்ப் பழக்கம் கடல் கடந்தும் மறக்கவில்லை. முருங்கைக்காய் மட்டும் அனேகமாகக் கடையில்தான்.

வண்டி இதற்குள் திண்டிவனம் தாண்டி வானூர் வட்டத்துக்கு வந்துவிட்டது. ஆரோவில் 1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளின் மண்ணைத் தாழியில் இட்டுத் தொடங்கிய ஊர். அன்று அது மழையில் அரித்துப்போன செம்பொறைத் திட்டு. மரங்கள் பிறகு நட்டவை. தியான மண்டபமான மாத்ரி மந்திரை விட்டுவிட்டு ‘சாலிட்யூட்’ பண்ணைக்குப் போனால் முதலில் சொன்ன தலைகீழ்க் கதை கிடைக்கும். இங்கிலாந்துக்காரரான கிருஷ்ணா மெக்கென்சி 1996-இல் தொடங்கிய, ஏறக்குறைய ஆறு ஏக்கர் நிலம் அது. ஜப்பானிய உழவர் மசானோபு ஃபுகுவோகா காட்டிய இயற்கை வழி. உழவும் ரசாயனமும் கிடையாது. குடியேறியவர் இங்கே தம் நாட்டுக் காய்களைத் தேடவில்லை. சுண்டை, வாழைத்தண்டு, பப்பாளிக்காய், வேலியோரத்தில் தானே முளைக்கும் கீரை ஆகியவைதான் பண்ணை உணவகத்து மதியச் சாப்பாடு. இவற்றின் அருமையை மெக்கென்சி பேசுவது நல்ல தமிழில். ஊர்க்காரர்கள் களை என்று பிடுங்கிப் போடுவதை வெளியூர்க்காரர் தட்டில் வைப்பது கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும்.

ஆரோவிலிலேயே இன்னொன்று ‘பெபிள் கார்டன்’. தீபிகா குந்தாஜியும் பெல்ஜியத்திலிருந்து வந்த பெர்னார்டும் 1994 முதல் உருவாக்கியது. கல்லும் பொறையுமான நிலத்தில், வெளியிலிருந்து எருகூடக் கொண்டுவராமல், அங்கே வளர்ந்த மரங்களின் இலைதழையால் மண்ணை உண்டாக்கி, நாட்டுக் காய்கறி விதைகளைக் காத்தார்கள்.

சாலிட்யூடுக்குப் போகும் நேயர்கள் மதியச் சாப்பாட்டு நேரமாகப் பார்த்துப் போகலாம். பண்ணையைச் சுற்றிக் காட்டும் வழக்கமும் உண்டு. எந்த நாள் என்று கிளம்பும் முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.